கீறல் விழுந்தது கண்ணாடியில் அல்ல: ஒரு கைக்கடிகாரத்தின் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு குறித்த நிகழ்வு ஆய்வு

கையில் வந்த கடிகாரம் கறுப்பு டயலும், சுழலும் வெளிவளையமும் கொண்ட, நீருக்கடியில் அணியத்தக்க வகை. கண்ணாடி சஃபையர், அதாவது செயற்கையாக வளர்த்த நீலக்கல் படிகம்; நடுவில் லேசாக மேடிட்டது. உட்புறம், வெளிப்புறம் இரண்டிலும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு உண்டு என்று தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு சொல்கிறது. உரிமையாளர் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளர். “சஃபையர் கீறாது என்று நம்பித்தான் வாங்கினேன். இப்போது கண்ணாடி முழுக்கக் கீறல்” என்பது அவருடைய குறை. விற்ற இடத்தில் கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்.

இதே குறையோடு வரும் சஃபையர் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றில் கண்ணாடிக்கு ஒன்றுமே ஆகியிருப்பதில்லை. கீறல் விழுந்திருப்பது அதன்மேல் இருக்கும் பூச்சில். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் ஒன்று, நல்ல கண்ணாடியைக் கழற்றி எறிகிறோம். இல்லையென்றால், கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்த்து, சிறிய குறையைப் பெரிய குறையாக்குகிறோம். இந்தக் கடிகாரத்தில் இரண்டாவது ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அதனால்தான் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

பூச்சின் வேலை

காற்றிலிருந்து ஒரு கண்ணாடிப் பரப்புக்குள் ஒளி நுழையும்போது அதில் ஒரு பங்கு திரும்பிவிடும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண். சாதாரண கனிமக் கண்ணாடிக்கு அது சுமார் 1.52; ஒரு பரப்பில் 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமான ஒளி திரும்பும். சஃபையருக்கு 1.77, ஒரு பரப்பில் 7.7 சதவீதம். மேல் பரப்பு, கீழ்ப் பரப்பு இரண்டையும் சேர்த்தால் பூச்சில்லாத சஃபையர் ஏறத்தாழ 14 சதவீத ஒளியை நம் முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. கடினத்தில் உயர்ந்த கண்ணாடிதான் பளபளப்பிலும் அதிகம் தொல்லை தருகிறது. பூச்சு அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான்.

பூச்சின் அடிப்படை எளிமையானது. மெக்னீசியம் ஃபுளோரைடு போன்ற, ஒளிவிலகல் எண் குறைந்த ஒரு பொருளைச் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் படியவைத்தால், பூச்சின் மேல்முகத்தில் திரும்பும் ஒளி அலையும் அடிமுகத்தில் திரும்பும் ஒளி அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கண்ணுக்கு மிகக் கூர்மையாகத் தெரியும் பச்சை நிறத்தை, அதாவது 550 நானோமீட்டர் அலைநீளத்தை, மையமாக வைத்து இந்தத் தடிமன் கணக்கிடப்படுகிறது. நிறமாலையின் இரு ஓரங்களிலும் இருக்கும் நீலமும் சிவப்பும் முழுதாக அழிவதில்லை. பூச்சிட்ட கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதாச் சாயல் அந்த மிச்சம்தான். இன்று பெரும்பாலும் ஒற்றை அடுக்கு போடுவதில்லை. சிலிக்கா போன்ற குறைந்த எண் கொண்ட அடுக்கும் டைட்டானியம் ஆக்சைடு போன்ற உயர்ந்த எண் கொண்ட அடுக்கும் மாறிமாறி வரும். அப்படியும் மொத்தத் தடிமன் சில நூறு நானோமீட்டரைத் தாண்டாது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

மங்கிப்போன பழைய கண்ணாடி புதிய கண்ணாடியைவிட அதிக ஒளியைக் கடத்துவதை 1886-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு கவனித்திருந்தார். ஆனால், பூச்சை வேண்டுமென்றே படியவைக்கும் முறைக்கு 1935-இல் ஜெர்மனியின் ஒளியியல் கருவி நிறுவனமான ஜெய்ஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா காப்புரிமை பெற்ற பிறகே அது கருவிகளுக்குள் வந்தது. முதலில் தொலைநோக்கியிலும் கேமரா லென்ஸிலும்தான். அங்கே லென்ஸ் ஒரு குழலுக்குள் பாதுகாப்பாக இருக்கும், வேலை முடிந்ததும் மூடியும் போட்டுவிடுவார்கள். கைக்கடிகாரத்தின் நிலை அப்படியல்ல. சுவரிலும் கதவிலும் மேசை விளிம்பிலும் நாள் முழுக்க உரசுகிற இடத்தில் அதே மெல்லிய படலம் உட்கார்ந்திருக்கிறது.

எது எதைக் கீறும் என்பதை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் சஃபையர் 9. மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7. மெக்னீசியம் ஃபுளோரைடு அதற்கும் கீழே. சஃபையரைத் தொட முடியாத மணல் துகள் பூச்சை மிக எளிதாக அறுக்கும். சிமெண்டும் மணலும் பறக்கும் இடத்தில் நாள் முழுதும் இருப்பவரின் மணிக்கட்டில் அந்தத் துகளுக்குப் பஞ்சமே இல்லை.

பரிசோதனை

முதலில் துணியைத் தொடவில்லை. ரப்பர் ஊதியால் கண்ணாடியையும் வளையத்தின் இடுக்கையும் ஊதி, நேரத்தைச் சரிசெய்யும் பக்கவாட்டுக் குமிழ் இறுகத் திருகியிருக்கிறதா என்று பார்த்து, மிதமான சோப்புக் கரைசலில் விரல் நுனியால் கழுவி, ஓடும் நீரில் அலசினேன். கீறல் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு எண்ணெய்ப் பிசுக்காகவே இருக்கும் என்பதால், கழுவாமல் எந்த முடிவுக்கும் வருவது தவறு. பூச்சிட்ட பரப்பில் விரல் ரேகை மற்றக் கண்ணாடியைவிட அசிங்கமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. பூச்சின் கணக்கு முழுவதும் அதன்மேல் காற்று இருக்கிறது என்ற அடிப்படையில் போட்டது. எண்ணெய்ப் படலம் வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தில் கணக்கு குலைந்து ஒளி மறுபடி திரும்பத் தொடங்கும். சுற்றிலும் இருண்டிருக்க, ரேகை மட்டும் பளிச்சென்று நிற்கும்.

கழுவிய பிறகும் கோடுகள் இருந்தன. நகத்தை மெல்ல ஓட்டியபோது எங்கும் தட்டவில்லை. நகத்தில் தட்டாத கோடு கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றாலே பூச்சின்மீது சந்தேகம் போக வேண்டும்.

அடுத்தது விளக்குச் சோதனை. ஒற்றை சிறு விளக்கின்கீழ் கடிகாரத்தைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் இரண்டாகத் தெரியும்: ஒன்று மேல் பரப்பிலிருந்து, மற்றொன்று கீழ்ப் பரப்பிலிருந்து. உள்பக்கம் மட்டும் பூசிய கண்ணாடியில் ஒரு பிம்பம் வெள்ளையாகவும் பிரகாசமாகவும், மற்றது மங்கிய ஊதாவாகவும் இருக்கும். இருபக்கமும் பூசியிருந்தால் இரண்டும் ஊதா. இங்கே இரண்டும் ஊதாதான். ஆனால், கடிகாரத்தை மெல்லத் திருப்பிப் பிம்பத்தை 3 மணிக் குறி இருக்கும் பக்கம் நகர்த்தியபோது ஒன்று நிறம் மாறியது. ஊதா வெளிறி, வைக்கோல் மஞ்சளாகி, ஓரிடத்தில் கண்ணாடிபோல் பளிச்சிட்டது. அந்தத் திட்டு ஏறக்குறைய ஒரு விரல் நுனி அகலம்.

கேட்டபோதுதான் சொன்னார்: பற்பசை வைத்துத் தேய்த்தால் கீறல் போகும் என்று யாரோ சொல்ல, ஒரு பக்கம் மட்டும் தேய்த்துப் பார்த்திருக்கிறார். பற்பசையில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா சஃபையரை ஒன்றும் செய்யாது. அக்ரிலிக் கண்ணாடியில் அந்த யோசனை ஓரளவு பலிக்கும் என்பதால் அது இன்னும் வாய்மொழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூச்சிட்ட சஃபையரில் அது பூச்சைச் சீரில்லாமல் மெலிதாக்குகிறது. மேலடுக்கு மெலிந்தால், அழிக்கப்படும் நிறம் பச்சையிலிருந்து நீலப் பக்கம் நகரும், திரும்பும் ஒளி மஞ்சளாகும். மேலடுக்கு முற்றிலும் போய், கீழிருக்கும் டைட்டானியம் ஆக்சைடு வெளியே வந்தால், பூச்சே இல்லாத சஃபையரைவிடவும் அதிக ஒளி அங்கே திரும்பக்கூடும். இதே காரணத்தால்தான் பூச்சில் விழும் மெல்லிய கீறல்கூட அவ்வளவு பளிச்சென்று மின்னுகிறது.

பத்து மடங்கு லென்ஸில், கையடக்க விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். கோடுகள் கூர்மையாகத் தெரிந்த இடத்தில் டயல் எழுத்துகள் மங்கின. குறை மேல் பரப்பில் என்பது உறுதி. இன்னும் உறுதிக்கு ஒரு சொட்டு நீரை நடுவில் விட்டேன். நீர் பரவிய இடத்தில் கோடுகள் ஏறத்தாழ மறைந்தன, நீர் காய்ந்ததும் திரும்பி வந்தன. உள்பக்கக் குறையாக இருந்தால் நீருக்கு அசைந்திருக்காது. சொட்டு நீரில் முடிகிற இந்தச் சோதனையை நான் எந்தக் கருவியையும்விட அதிகம் நம்புகிறேன்.

கோடுகளின் வடிவமே கதையின் மீதியைச் சொன்னது. மோதி விழுந்த கீறல் என்றால் ஒரு திசையில், ஒன்றிரண்டு நீண்ட கோடுகளாக இருக்கும். இங்கே நூற்றுக்கணக்கான குட்டை வளைகோடுகள், எல்லாம் வட்டப்போக்கில், கண்ணாடி மேடிட்ட நடுப்பகுதியில் நெருக்கமாகவும், வளையத்தை ஒட்டிய ஓரத்தில் மிக அரிதாகவும். கட்டைவிரலால் துணியை அழுத்தி வட்டமாகத் துடைப்பவரின் கைப்பழக்கம் அப்படியே பதிந்திருந்தது. தினமும் பணியிடத்திலிருந்து திரும்பியதும் சட்டை முனையால் தூசியைத் துடைத்துவிடுவது வழக்கம் என்று அவரே உறுதிசெய்தார். கண்ணாடியை அக்கறையோடு சுத்தமாக வைத்திருந்ததே அதைக் கெடுத்திருக்கிறது. துணி குற்றவாளி அல்ல. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய மணல்தான்.

ஒரேயொரு கோடு மட்டும் வேறுவிதமாக இருந்தது. 8 மணிக் குறி அருகே, நேராக, சாம்பல் நிறத்தில், பூச்சின் பரப்பிலிருந்து சற்று மேலெழுந்ததுபோல். அது கீறல் அல்ல. சஃபையரில் உரசிய மென்மையான உலோகம் தன் துகளை அதன்மேல் விட்டுச் சென்ற தடம். வெள்ளைப் பிளாஸ்டிக் அழிப்பானால் சிறிது தேய்த்ததும் பெரும்பகுதி போய்விட்டது. விளிம்பைச் சுற்றிலும் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று கடைசியாகத் தேடினேன், இல்லை. சஃபையர் கடினமானது என்றாலும் நொறுங்கும் இயல்புடையது, அதன் பலவீனம் விளிம்பில்தான். சில்லு இருந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை.

முடிவு எடுத்த விதம்

வழிகள் நான்கு. அப்படியே விடுவது முதல் வழி. பற்பசைத் திட்டு இல்லாவிட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மெல்லிய கீறல்களோடு ஒரு கடிகாரம் நெடுங்காலம் நன்றாக இருக்கும், நேரம் படிப்பதற்கும் தடையில்லை. இங்கே திட்டு டயலின் ஒரு பக்கத்தையே மறைத்தது.

மறுபடி பூசுவது இரண்டாவது. கண்ணாடியைக் கழற்றி, பழைய பூச்சை முழுவதும் நீக்கி, வெற்றிட அறையில் புதிய அடுக்குகளைப் படியவைக்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடிக்காக அதைச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது. மூன்றாவது, அதே இருபக்கப் பூச்சுள்ள புதிய கண்ணாடி. நேர்மையான வழிதான். ஆனால், கடிகாரத்தின் உறையைத் திறக்க வேண்டும், நீர் புகாமல் தடுக்கும் வளையங்களான கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டும், பிறகு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அத்தனைக்குப் பிறகும் அதே மணல் தூசிக்குத்தான் அந்தக் கண்ணாடி திரும்பப் போகிறது.

நான்காவது, வெளிப்பூச்சை மட்டும் நீக்கிவிட்டு உள்பூச்சை வைத்துக்கொள்வது. உறையைத் திறக்க வேண்டியதில்லை, நீர்த்தடுப்பு குலைவதில்லை. விலை என்ன என்பதையும் அவருக்கு ஒளிக்காமல் சொன்னேன்: இருபக்கமும் பூசியபோது இருந்த, கண்ணாடியே இல்லாததுபோன்ற தோற்றம் போய்விடும், பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நீக்கிய பூச்சால் கடிகாரத்தின் மறுவிற்பனை மதிப்பு குறையவும் கூடும். இரவு யோசித்துவிட்டு மறுநாள் நான்காவதற்கு ஒப்புக்கொண்டார்.

தினமும் அணியும் கடிகாரத்துக்கு வெளிப்பூச்சு தேவையில்லை என்பதே என் கருத்து. எப்போதாவது முழுக்கைச் சட்டையோடு அணிந்து பெட்டியில் வைக்கும் கடிகாரத்துக்கு அது அழகு சேர்க்கும். அங்கே நான் அதற்கு எதிரியல்ல.

பூச்சை நீக்கியது

தொடங்குமுன் கண்ணாடி உண்மையிலேயே சஃபையர்தானா என்று வெப்பக் கடத்தலை அளக்கும் சோதனைப் பேனாவால் உறுதிசெய்தேன். சாதாரண கண்ணாடியைவிடச் சஃபையர் வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு வைரப் பசையைக் கனிமக் கண்ணாடியில் வைத்தால் கண்ணாடியே புகைமூட்டமாகிவிடும்.

வெளிவளையத்தின்மேல் ஒட்டுநாடாவை இரட்டையாக, கண்ணாடி விளிம்புவரை நெருக்கமாக ஒட்டினேன். குமிழையும் மூடினேன். வைரத் துகள் எஃகையும் வளையத்தின் நிறத்தையும் ஒரு நொடியில் கெடுத்துவிடும். சுழலும் வளையத்தின் அடியில் புகுந்தால் அங்கேயே தங்கி அரைக்கும்.

முதலில் கம்பளித் துண்டில், கண்ணாடியை மெருகேற்றப் பயன்படும் சீரியம் ஆக்சைடு தூளின் கரைசல். சஃபையரைக் கீறும் கடினம் அதற்குக் கிடையாது, சிலிக்கா மேலடுக்கை மட்டும் மெல்லக் கரைத்தெடுக்கும். பிறகு 1 மைக்ரான் வைரப் பசை, புதிய கம்பளித் துண்டில், கையால் மட்டும், அழுத்தமில்லாமல். சுழலும் இயந்திரத்தைப் பயன்படுத்தவில்லை. அதன் சூடு கேஸ்கெட்டுக்கு ஆகாது.

வேலையின் நடுவில் கண்ணாடி முன்பைவிட மோசமாகத் தெரியும். இந்தக் கட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஊதா மஞ்சளாகி, மஞ்சள் திட்டுத்திட்டாக உடைந்து, உயர்ந்த எண் கொண்ட அடுக்கு வெளிப்படும் இடங்கள் பளபளவென்று மின்னும். கண்ணாடியைப் பாழாக்கிவிட்டோம் என்ற எண்ணம் எவருக்கும் வரும். பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். தொடர்ந்தால் அந்த மினுமினுப்பு தீவுகளாகச் சுருங்கி ஒவ்வொன்றாக மறையும், நிறமற்ற வெண்மை எஞ்சும். நடுப்பகுதி முதலில் தெளிந்தது. வளையத்தை ஒட்டிய ஓரத்தில் பிறை வடிவில் ஊதாக் கோடு நீண்ட நேரம் பிடிவாதமாக நின்றது. கூராகச் சீவிய மரக்குச்சியின் நுனியில் கம்பளியைச் சுற்றி அதைத் தனியாகத் தேய்த்தெடுத்தேன். விளக்கின் மேல் பிம்பம் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரே வெண்மையாக இருந்தபோது நிறுத்தினேன். கீழ்ப் பிம்பம் முன்போலவே ஊதா.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அம்மோனியம் பைஃபுளோரைடு போன்றவற்றால் பூச்சை நொடியில் கரைக்கலாம் என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். தோலில் பட்டால் வலி உடனே தெரியாமல் உள்ளே ஊடுருவித் திசுவையும் எலும்பையும் அரிக்கும், உயிரையே பறிக்கும் பொருள்கள் அவை. ஒரு கடிகாரக் கண்ணாடிக்காக அவற்றைத் தொடவே கூடாது.

கீறல் ஒன்றுகூட எஞ்சவில்லை. எல்லாமே பூச்சில்தான் இருந்தன. கணக்கில் பார்த்தால், வெளிப்பரப்பில் 7.7 சதவீதமும் உள்பூச்சில் மிஞ்சும் சிறு பங்குமாகச் சேர்ந்து 9 சதவீதத்தை ஒட்டி ஒளி திரும்பும். பூச்சில்லாத கனிமக் கண்ணாடிக்கு ஏறக்குறைய நிகர். பூச்சே இல்லாத சஃபையரைவிட வெகுவாகக் குறைவு.

பராமரிப்பும் தொடர் பார்வையும்

வெளிப்பூச்சை வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு நான் சொல்வது ஒரு வரிசைமுறை: முதலில் ஊது, பிறகு நீரால் அலசு, கடைசியில்தான் துணி. காய்ந்த கண்ணாடியில் காய்ந்த துணி படக் கூடாது. கடிகாரம் நீர் தாங்காத வகை என்றால் ஊதிய பிறகு, நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுக்கலாம். மைக்ரோஃபைபர் துணி நல்லதுதான். ஆனால், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் பையில் கிடந்து அழுக்கேறிய துணி சட்டை முனையைவிட மேலல்ல. அதை அடிக்கடி துவைக்க வேண்டும், துணி மென்மையாக்கி சேர்க்கக் கூடாது. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். சன்ஸ்கிரீன், கைக்கு இடும் களிம்பு போன்ற பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி போதும். அம்மோனியா கலந்த ஜன்னல் துடைப்பான் வேண்டாம். கடலில் குளித்தால் உப்பு காயுமுன் நல்ல நீரில் அலசிவிட வேண்டும்.

மூக்குக் கண்ணாடிக்குச் சொல்லப்படும் அறிவுரை எல்லாமே இதற்குப் பொருந்தாது. பிளாஸ்டிக் லென்ஸ் சூட்டில் அதிகமாக விரிவதால் அதன் பூச்சு வலைபோல வெடிக்கும். சஃபையர் அந்த அளவுக்கு விரிவதில்லை, வெயிலில் வைத்ததால் பூச்சு வெடித்த சஃபையர் கண்ணாடியை நான் பார்த்ததில்லை. பூச்சுக்கு எதிரி சூடு அல்ல, துகள்.

சில மாதங்கள் கழித்துச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைக்க அவர் மறுபடி வந்தார். லென்ஸில் பார்த்தேன். சஃபையரில் கீறல் இல்லை. இரண்டு உலோகத் தடங்கள், அழிப்பானில் போய்விட்டன. நேர் வெயிலில் சில கோணங்களில் கையைச் சற்றுத் திருப்பித்தான் மணி பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அலுவலக விளக்குகள் கண்ணாடியில் தெரிகின்றன என்றும் சொன்னார். மறுக்கவில்லை, அது உண்மை. சட்டை முனையால் துடைக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. இப்போது அதனால் கண்ணாடிக்குத் தீங்கில்லை.

அவருடைய பராமரிப்பு அட்டையில் இரண்டு குறிப்புகளை எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை கேஸ்கெட் மாற்ற உறையைத் திறப்பவர் யாராக இருந்தாலும், கண்ணாடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைக்கக் கூடாது. ஊதியும், தூசியை ஒற்றியெடுக்கும் மென்பசையும் மட்டுமே. கண்ணாடிக்குள் எப்போதாவது ஆவி படிந்தால் காய்ந்துவிடட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டுவர வேண்டும், நீர்த்துளி காய்ந்த தடம் உள்பூச்சில் விழுந்துவிட்டால் அதை வெளியிலிருந்து எதுவும் செய்ய முடியாது.